லாரி ஏன் குனிகிறது?

சென்ற மாதம் படிவம் 5 இயற்பியல் வகுப்பில் ஹூக் விதியை நடத்திக்கொண்டிருந்தேன். சுருள்வில்லில் எடைக்கற்களைத் தொங்கவிடுவது, நீட்சியை அளப்பது, வரைபடம் வரைவது என்று வகுப்பு வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கையைத் தூக்கினான்.

"சார், எங்கள் மாமா செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்திருக்கிறார். சுமை ஏற்றினால் பின்பக்கம் ரொம்ப இறங்குகிறது என்று பட்டறையில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டார். இப்போது எவ்வளவு ஏற்றினாலும் லாரி உட்காருவதே இல்லை. அப்படியென்றால் லாரிக்குப் பலம் கூடிவிட்டதா?"

பாடநூலில் இருக்கும் எந்தக் கேள்வியையும்விட நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது. அவனுக்கு மட்டும் அல்ல, வீட்டில் யாராவது லாரியோ பிக்கப் வண்டியோ வைத்திருந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வில்வண்டியின் வில்

பேராக்கில் இருப்பவர்கள் இந்தப் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிம்பாங் பூலாய் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளிலிருந்து கல் ஏற்றி வரும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இன்று செம்பனைக் குலைகளைச் சுமந்து மண் சாலையில் ஆடி அசைந்து வருகிற லாரிகளையும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு லாரி எஞ்சினை நிறுத்திவிட்டு நிற்கும்போது, ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி நின்றே பின்சக்கரத்தின் உட்புறம் குனிந்து பாருங்கள். நீண்ட எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் அச்சோடு சேர்த்து 'யூ' வடிவப் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். பெரிய பட்டை ஒன்று. அடுத்தடுத்த பட்டைகள் நீளம் குறைந்துகொண்டே போகும். மொத்தமும் வளைந்து, படுத்துக்கிடக்கும் ஒரு வில்லைப்போல இருக்கும்.

இதற்கு மலாயில் 'ஸ்பிரிங் டாவுன்' என்று பெயர். டாவுன் என்றால் இலை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதையே 'கமான் பட்டை' என்பார்கள். கமான் என்பது பாரசீகச் சொல். அதற்குப் பொருள் வில். நம் முன்னோர் மாட்டுவண்டிகளில் இரண்டு வகையைப் பிரித்துச் சொன்னார்கள்: ஸ்பிரிங் இல்லாதது கட்டை வண்டி, ஸ்பிரிங் வைத்தது வில்வண்டி. வில்வண்டியில் ஏறினால் இடுப்பு வலிக்காது என்பதால் அதற்கு மரியாதை அதிகம். லண்டனில் குதிரைவண்டி செய்துவந்த ஒபதையா எலியட் என்பவர் நீள்வட்ட வடிவப் பட்டை ஸ்பிரிங்குக்கு 1804இல் காப்புரிமை பெற்றார். குதிரைவண்டியிலிருந்து மோட்டார் வண்டிக்கு அது அப்படியே வந்து சேர்ந்தது. 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர் முதல் இன்றைய பிக்கப் வண்டிகளில் பலவற்றின் பின் அச்சு வரை அதே வில்தான். இருநூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறாத பொருள் ஒன்று வாகனத்தில் இருக்கிறது என்றால், அதில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் அல்லவா?

அடிக்கோல் சோதனை

அந்த விசேஷத்தைப் புரிந்துகொள்ள லாரி வேண்டாம். உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கும் 30 சென்டிமீட்டர் அடிக்கோல் போதும். அதை மேசை விளிம்பில் வைத்து, 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மறுமுனையைக் கனமான புத்தகத்தால் அழுத்துங்கள். நீட்டிய முனையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைக் கட்டி, 20 சென் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். முனை எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாணயங்கள் இரட்டிப்பானால் இறக்கமும் இரட்டிப்பாகும். இதுதான் ஹூக் விதி. ராபர்ட் ஹூக் இதை முதலில் 1676இல் எழுத்துகளை இடம் மாற்றிய ஒரு புதிராக வெளியிட்டார். கண்டுபிடிப்பு தன்னுடையதுதான் என்றும் நிலைநாட்ட வேண்டும், வேறு யாரும் திருடவும் கூடாது! விடையை 1678இல்தான் சொன்னார்.

இனி மூன்று மாற்றங்கள் செய்து பாருங்கள். முதலாவது, அதே போன்ற இன்னோர் அடிக்கோலை மேலே வெறுமனே அடுக்குங்கள், ஒட்ட வேண்டாம். இறக்கம் பாதியாகும். இரண்டாவது, ஒரே அடிக்கோலை 10 சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டுங்கள். நீளம் பாதியானதால் இறக்கமும் பாதியாகும் என்று நினைப்பீர்கள். ஆகாது, எட்டில் ஒரு பங்காகும். நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளைவு மாறுவதே காரணம்: 2 × 2 × 2 = 8. மூன்றாவது, இரண்டு மடங்கு கனமுள்ள அடிக்கோல் கிடைத்தால் அதை வைத்துப் பாருங்கள். கனமும் மும்மடியாகவே வேலை செய்கிறது. இறக்கம் மறுபடியும் எட்டில் ஒன்று.

முதல் முடிவையும் மூன்றாவது முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒட்டாத இரண்டு பட்டைகள் சேர்ந்தால் விறைப்பு 2 மடங்கு. அதே அளவு கனத்தில் ஒரே கட்டியாக இருந்தால் 8 மடங்கு. எட்டுப் பட்டை அடுக்கை எடுத்துக்கொண்டால், தனித்தனியாக இருக்கும்போது விறைப்பு 8 மடங்கு. ஒரே கட்டியாக இருந்தால் 8 × 8 × 8, அதாவது 512 மடங்கு. அப்படி ஒரு கட்டியை லாரிக்கு அடியில் வைத்தால் அது ஸ்பிரிங் அல்ல, உத்தரம். பட்டைகளாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ள விட்டதால்தான் அது வளைகிறது. மெல்லிய பட்டை வளையும்போது அதன் மேற்பரப்பு அதிகமாக இழுபடுவதில்லை, அதனால் உடைவதும் இல்லை. பட்டைகள் உரசிக்கொள்வதால் வண்டி குதித்துக்கொண்டே இராமல் ஆட்டம் அடங்கவும் செய்கிறது. துருப்பிடித்து இறுகிப்போன பழைய ஸ்பிரிங் ஏன் கல்போல உதைக்கிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும்: வழுக்க வேண்டியது ஒட்டிக்கொண்டுவிட்டது.

பட்டைகள் ஏன் ஒரே நீளத்தில் இல்லை? வளைக்கும் விசை நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. தேவை இருக்கும் இடத்தில் மட்டும் எஃகை வைத்தால் எடையும் மிச்சம், காசும் மிச்சம்.

உயரத்தை மாற்றும் நான்கு வழிகள்

லாரியின் பின்பகுதி இறங்கிப் போனால் பட்டறைக்காரர் செய்யக்கூடியவை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைப்பது ஒரு வழி. கட்டை 5 சென்டிமீட்டர் என்றால் வண்டியும் 5 சென்டிமீட்டர் உயரும். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது அச்சு சுழலப் பார்க்கும். கட்டை உயரமாக இருந்தால் அந்த முறுக்கைத் தாங்க முடியாமல் பட்டைகள் ஆங்கில 'எஸ்' எழுத்தைப்போல நெளியும். கட்டைமேல் கட்டை அடுக்குவதும், திசைதிருப்பும் முன் அச்சுக்குக் கட்டை வைப்பதும் ஆபத்து.

ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தாங்கும் 'ஷாக்கில்' எனும் சிறு இணைப்பின் நீளத்தை மாற்றுவது இன்னொரு வழி. இதில் ஒரு சின்னக் கணிதம் இருக்கிறது. ஷாக்கிலை 4 சென்டிமீட்டர் நீட்டினால் வண்டி எவ்வளவு உயரும்? இரண்டே சென்டிமீட்டர்தான். ஒரு முனை மட்டும் நகர்கிறது, அச்சோ நடுவில் இருக்கிறது. கூடவே அச்சும் சற்றுச் சாய்ந்துகொள்ளும்.

மூன்றாவது வழி, தட்டையாகிப்போன பட்டைகளைக் கழற்றி மறுபடியும் வளைப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் ஊரில் பாராங் அடிப்பவர்களும் தமிழ்நாட்டில் அரிவாள் அடிக்கும் கொல்லர்களும் பழைய லாரிப் பட்டையை ஏன் விரும்பித் தேடுகிறார்கள் தெரியுமா? அது சாதாரண இரும்பு அல்ல. பட்டைகளுக்குப் பரவலாகப் பயன்படும் எஃகில் 0.5 முதல் 0.6 விழுக்காடு கரி இருக்கும், கொஞ்சம் குரோமியமும் மாங்கனீசும் சேர்ந்திருக்கும். தொழிற்சாலையில் அதைச் சுமார் 850 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, எண்ணெயில் சட்டென்று குளிர்வித்து, மறுபடியும் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் பதப்படுத்துவார்கள். இந்தப் பதம்தான் வளைந்த பட்டையை மீண்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. ஒரு பட்டறையில் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சுத்தியலால் வளைத்து, வெறும் காற்றில் ஆறவிட்டால் பதம் போய்விடும். வளைவு அழகாக இருக்கும், லாரியும் நிமிர்ந்து நிற்கும். சுமை ஏற்றி ஓட ஓடச் சீக்கிரமே பழையபடி படுத்துவிடும். கொல்லர் பாராங்கை அடித்து முடித்ததும் மறுபடி காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ முக்குகிறாரே, அந்த வேலை இங்கே விட்டுப்போய்விட்டது. பட்டையில் வெல்டிங் வைப்பது இதைவிடக் கெடுதல். அந்த இடத்திலிருந்தே விரிசல் கிளம்பும்.

நான்காவது வழிதான் மாணவனின் மாமா செய்தது.

மறைந்துபோன ஒரு டன்

ஒரு கற்பனை லாரியை எடுத்துக்கொள்வோம். பின் அச்சில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றிலும் 8 பட்டைகள்; பட்டையின் அகலம் 70 மில்லிமீட்டர், கனம் 11 மில்லிமீட்டர்; ஸ்பிரிங்கின் மொத்த நீளம் 1.2 மீட்டர். எஃகின் மீள்தன்மையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டர் இறங்குவதற்குச் சுமார் 230 நியூட்டன் விசை வேண்டும். அதாவது சுமார் 23 கிலோ எடை.

ஒவ்வொரு ஸ்பிரிங்கின் மேலும் 2 டன் எடை உட்காருகிறது என்போம். விசை 20,000 நியூட்டன். 20,000 ÷ 230 = 87 மில்லிமீட்டர். லாரி கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் குனியும்.

இனி மாமாவைப்போல இரண்டு பட்டைகளைக் கூட்டுவோம். எல்லாம் ஒரே கனம், வழக்கப்படி நீளம் குறைந்துவரும் அடுக்கு. 8 பட்டை 10 பட்டை ஆனதால் விறைப்பு 10/8 மடங்கு ஆகிறது. 230 என்பது 287 ஆகிவிடுகிறது. அதே 2 டன்னுக்கு லாரி 70 மில்லிமீட்டர்தான் இறங்கும். பின்பக்கம் 17 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. பார்க்க லாரி கம்பீரமாக இருக்கிறது. மாமாவுக்கு மகிழ்ச்சி.

இப்போது அந்த லாரி பழையபடி 87 மில்லிமீட்டர் இறங்கும்வரை ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 25,000 நியூட்டன் தாங்கும், அதாவது 2.5 டன். இரண்டு பக்கமும் சேர்த்தால் 5 டன். முன்பு இதே அளவு குனிந்தபோது இருந்தது 4 டன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு லாரிகளும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு டன் கண்ணில் படாமல் மறைந்துவிட்டது.

பட்டையின் எண்ணிக்கையைக் கூட்டாமல் 11 மில்லிமீட்டர் பட்டைகளுக்குப் பதில் 12 மில்லிமீட்டர் பட்டைகளைப் போட்டாலும் இதே கதைதான். ஒரே ஒரு மில்லிமீட்டர்! ஆனால் மும்மடிக் கணக்குப்படி விறைப்பு 30 விழுக்காடு கூடிவிடும். கண்ணால் பார்த்தால் யாருக்குமே தெரியாது.

ஆகவே மாணவனுக்கு என் பதில்: ஸ்பிரிங்குக்குத்தான் விறைப்பு கூடியிருக்கிறது. லாரிக்குப் பலம் கூடவில்லை. அச்சு அதே அச்சு, சக்கரத் தாங்கிகள் அதே தாங்கிகள், டயர் அதே டயர், பிரேக் அதே பிரேக். லாரி குனிவது நோய் அல்ல. "எனக்குப் போதும்" என்று அது சொல்கிற மொழி. கூடுதல் பட்டை சுமையைக் குறைக்கவில்லை, லாரியின் வாயைத்தான் அடைத்திருக்கிறது.

பிரேக்கும் அந்த மொழியைக் கேட்கிறது

இது வெறும் உவமை அல்ல. பல பிக்கப் வண்டிகளிலும் சிறு லாரிகளிலும் பின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி போகும். அதன் ஒரு முனை ஒரு பிரேக் வால்வோடு இணைந்திருக்கும். வண்டி வெறுமையாக இருக்கும்போது பின்பகுதி உயர்ந்து நிற்கும். வால்வு பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் எடை இல்லாத பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிச் சுழலும். சுமை ஏறி வண்டி குனிந்ததும் கம்பி நகரும். "சுமை வந்துவிட்டது, பின்பிரேக்குக்கு முழு அழுத்தம் கொடு" என்று வால்வுக்குச் சொல்லும்.

இந்த வண்டிக்குக் கட்டை வைத்தோ பட்டை கூட்டியோ பின்பகுதியைத் தூக்கிவிட்டு, வால்வை மட்டும் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும்? முழுச் சுமையோடு போகும்போதும், வண்டி காலியாகத்தான் இருக்கிறது என்று வால்வு நம்பிக்கொண்டிருக்கும். எடை முழுக்கப் பின்னால் இருக்க, பின்பிரேக் அரைகுறையாக வேலை செய்யும். முன்பிரேக்கே எல்லாவற்றையும் சுமந்து சூடேறும். நிற்க வேண்டிய தூரம் நீண்டுகொண்டே போகும். உயரத்தை மாற்றினால் இந்த வால்வையும் தயாரிப்பாளர் சொன்னபடி மறுபடி அளந்து வைக்க வேண்டும். இந்த ஒன்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முன்பக்க விளக்கையும் பாருங்கள். பின்பகுதி தாழ்ந்தால் விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். அளவுக்கு மேல் உயர்ந்தால் ஒளி பக்கத்துத் தரையில் விழுந்து தூரம் தெரியாது.

கம்பீரமாக நிற்கும் அந்த லாரி சுமையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது வேறு ஒரு தொல்லை. நம் கற்பனை லாரியில் முழுச் சுமை இருக்கும்போது ஸ்பிரிங் நொடிக்கு 1.7 முறை ஆடும். காலியாக, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் மேலும் அரை டன்தான் என்றால், 3.4 முறை. இரண்டு பட்டைகளைக் கூட்டிய பிறகு 3.8. மனித உடல் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வைத்தான் மிக மோசமாக உணர்கிறது. ஓட்டுநரின் முதுகு அந்த எல்லையை நெருங்கிவிட்டது. அந்தக் காலத்தில் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டு பள்ளிக்குப் போனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், காலி லாரி எப்படி உதைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஹூக் விதியைவிடச் சுவையாகச் சொல்வார்கள்.

இதனால்தான் தயாரிப்பாளர்களே பல லாரிகளில் முதன்மை ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு துணை ஸ்பிரிங்கை வைக்கிறார்கள். காலியாக இருக்கும்போது அது எதையும் தொடாமல் சும்மா இருக்கும். சுமை ஏறி வண்டி குறிப்பிட்ட அளவு குனிந்த பிறகே அதன் முனைகள் சட்டகத்தில் உள்ள தாங்கியில் முட்டி வேலையைத் தொடங்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

தெலுக் இந்தான் சாலையில்

2025 மே 13, காலை நேரம். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்புப் பணி செய்துவிட்டு, கலகத் தடுப்புப் போலீஸ் படையினர் தங்கள் டிரக்கில் ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜாலான் சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றி வந்த ஒரு லாரி அவர்கள் மேல் மோதியது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். நம் திருவிழாவில் கூட்டத்தைக் காத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

பின்னர் நடந்த விசாரணையில், அந்த லாரியின் திசைதிருப்பும் அமைப்பு பழுதானதும், அனுமதிக்கப்பட்டதைவிட அதிக எடை ஏற்றப்பட்டிருந்ததும் தெரியவந்தன. அது பட்டை ஸ்பிரிங்கால் நேர்ந்த விபத்து என்று நான் சொல்லவில்லை. சுமை மிஞ்சினால் எதெல்லாம் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதம். 25 விழுக்காடு கூடுதல் எடை என்றால், அதே வேகத்தில் நிறுத்துவதற்குப் பிரேக் 25 விழுக்காடு கூடுதல் வெப்பத்தை உள்வாங்க வேண்டும். திசைதிருப்பும் தண்டுகளின் ஒவ்வொரு மூட்டும் கூடுதல் விசையைத் தாங்க வேண்டும். அவற்றுக்கு யாரும் இரண்டு பட்டை கூடுதலாகப் போடுவதில்லை.

சாலையும் தப்பாது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். அச்சின் எடை கூடினால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடியாகக் கூடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. 1.25ஐ நான்கு முறை பெருக்குங்கள்: சுமார் 2.4. நம் கற்பனை லாரியின் பின் அச்சு சாலையை இரண்டரை மடங்கு வேகத்தில் தேய்க்கிறது. அப்படி உண்டாகும் பள்ளத்தில்தான் அடுத்த லாரியின் பட்டை உடைகிறது.

வளைவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் போயிருக்கிறீர்களா? இரு சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் அகலமுள்ள லாரியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் மணிக்கு சுமார் 62 கிலோமீட்டர் வேகத்தில் அது கவிழத் தொடங்கும். கூடுதலாகக் குவித்த சுமையால் அந்த மையம் 2 மீட்டருக்கு ஏறினால், 53 கிலோமீட்டரிலேயே கவிழ்ந்துவிடும். ஸ்பிரிங்கும் டயரும் ஒரு பக்கம் அமுங்குவதால் உண்மையில் இன்னும் முன்னதாகவே கவிழும்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டியது

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்பிரிங்கைத் தொடவே கூடாது என்று நினைக்க வேண்டாம். மண் சாலையில் பல ஆண்டுகள் ஓடிய பட்டைகள் களைத்துப்போவது உண்மை. ஒவ்வொரு குலுக்கலும் ஒரு வளைவு; இலட்சக்கணக்கான வளைவுகளுக்குப் பிறகு நடுப்போல்ட்டின் துளை ஓரத்திலோ ஒரு சின்னக் கீறலிலோ நுண்ணிய விரிசல் தொடங்கும். அப்போது அதே அளவு, அதே எண்ணிக்கைப் பட்டைகளைப் புதிதாகப் போட வேண்டியதுதான். அதையும் ஒரு பக்கம் மட்டும் செய்யக்கூடாது. இரு பக்கமும் சேர்த்து மாற்றாவிட்டால் லாரி ஒருக்களித்து ஓடும். பழைய யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்காமல் புதியவை போடுவது நல்லது. மொத்தத்தில், லாரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பழுதுபார்த்தல். பிறந்தபோது இருந்ததைவிட விறைப்பாக்குவது வடிவமைப்பையே மாற்றுதல். இரண்டாவதற்குப் பொறியியல் கணக்கும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வேண்டும். வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையும் இருக்கிறது.

லாரியின் பக்கவாட்டில் சிறிய எழுத்துகளில் இரண்டு எண்களை எழுதியிருப்பார்கள். ஒன்று சுமையில்லாத எடை, மற்றது சுமையோடு சேர்ந்த உச்ச எடை. எத்தனை பட்டை கூட்டினாலும் அந்த இரண்டாவது எண் மாறாது.

கேள்வி கேட்ட மாணவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். செம்பனை ஆலைக்குள் நுழையும் ஒவ்வொரு லாரியையும் எடைமேடையில் நிறுத்திச் சீட்டுக் கொடுப்பார்கள் அல்லவா? அந்தச் சீட்டில் உள்ள எடையையும், லாரி சமதரையில் நிற்கும்போது பின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் உள்ள இடைவெளியையும் ஐந்து நடைகளுக்குக் குறித்துவரச் சொன்னேன். சென்ற வாரம் வரைபடத்தாளோடு வந்தான். நான்கு புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் இருந்தன. மிக அதிக எடையுள்ள ஐந்தாவது புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றது. எடை கூடிய அளவுக்கு லாரி இறங்கவில்லை.

"அளந்ததில் தப்பு செய்துவிட்டேனா சார்?" என்று கேட்டான்.

தப்பில்லை. அந்த ஐந்தாவது நடையில் என்ன நடந்தது என்பதற்கான விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. தேடிப் பாருங்கள். மாமா அந்த இரண்டு பட்டைகளைக் கழற்றிவிட்டாரா என்று நான் கேட்டதற்கு, "இன்னும் இல்லை சார். ஆனால் வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டார்" என்றான்.